வீடு கிழக்கே... பட்டா மேற்கே! நிலத்தின் வரைபடத்தில் பிழை இருந்தால் எப்படித் திருத்துவது?

மாடி எடுத்துக் கட்ட வங்கியில் கடன் கேட்கிறார் ஓர் அப்பா. கையில் 1992-ல் வாங்கிய கிரயப் பத்திரம், கணினிப் பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது. எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. ஒரு வாரம் கழித்து வங்கியிலிருந்து போன் வருகிறது. "சார், உங்க வீடு இருக்கிற இடம் மேப்புல பக்கத்து வீட்டுக்காரர் பேர்ல வருதே?"

முப்பது வருடமாகக் குடியிருக்கும் வீடு. முருங்கை மரம் வரை அவர் வைத்தது. அது எப்படி இன்னொருவர் பெயரில் போகும்?

போகும். தமிழ்நாட்டின் எந்தத் தாலுகா அலுவலக வராண்டாவில் அரை நாள் உட்கார்ந்தாலும் இதே சாயலில் ஒரு கதை காதில் விழும். எளிதாகப் புரிய, ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். புல எண் 112/3, மொத்தம் 40 சென்ட். கிழக்கே சாலை, மேற்கே ஓடை. உரிமையாளர் முதலில் கிழக்குப் பாதி 20 சென்ட்டை நம் அப்பாவுக்கு விற்றார். சில வருடம் கழித்து மேற்குப் பாதி 20 சென்ட்டை இன்னொருவருக்கு விற்றார். இரண்டு பத்திரங்களிலும் நான்கெல்லை சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. பிறகு நிலத்தை உட்பிரிவு செய்தபோதுதான் கோளாறு. மேற்குப் பாதியை 3ஏ என்றும் கிழக்குப் பாதியை 3பி என்றும் வரைபடத்தில் குறித்தார்கள். பெயர் எழுதும்போது, முதலில் வாங்கியவருக்கு 3ஏ, அடுத்து வாங்கியவருக்கு 3பி என்று வரிசையாக எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான்!

இரண்டு பேருக்கும் பட்டா வந்தது. இரண்டிலும் 20 சென்ட். இரண்டு பேருக்கும் சந்தோஷம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால், பட்டாவில் திசை கிடையாது.

பட்டா சொல்லாததை புலப்படம் சொல்லும்

நில ஆவணங்களில் பலரும் குழம்பும் இடம் இது. பட்டா, யார் பெயரில் எத்தனை பரப்பு என்று சொல்லும். அ-பதிவேடு, அந்தப் புல எண் நன்செய்யா புன்செய்யா, தீர்வை எவ்வளவு, பழைய எண் என்ன என்று சொல்லும். ஆனால் அந்த நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டுவது புலப்படம் மட்டும்தான். சர்வேயர்களும் பத்திர எழுத்தர்களும் 'எஃப்.எம்.பி.' என்று சொல்வது இதைத்தான்.

பத்திரத்தைப் பீரோவில் பூட்டி வைப்பவர்கள்கூட, புலப்படத்தை ஒருமுறையாவது பார்த்திருக்க மாட்டார்கள். இத்தனைக்கும் இப்போது அதற்கு அலைய வேண்டியதில்லை. தமிழக அரசின் நிலப் பதிவு இணையச் சேவையில் மாவட்டம், தாலுகா, கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் போனிலேயே வந்துவிடும். நகரப் பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேடு தனியாக இருக்கும்.

படத்தைத் திறந்ததும் கோடுகளும் எண்களும் மிரட்டும். பயப்பட வேண்டாம். முதலில் வடக்கு எது என்று பாருங்கள். பிறகு சாலை, வாய்க்கால், ஓடை, கிணறு என்று நகராத ஒன்றைத் தேடுங்கள். அங்கிருந்து உங்கள் உட்பிரிவு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். நம் அப்பா இதை இருபது வருடம் முன்பே செய்திருந்தால், சாலையை ஒட்டி 3பி இருப்பதையும், தன் பட்டாவில் 3ஏ இருப்பதையும் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்.

பழைய புலப்படம் கையில் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அதிலுள்ள நீளங்கள் அடிக்கணக்கு அல்ல. ஆங்கிலேயர் காலத்திலிருந்து நிலம் அளந்தது 66 அடிச் சங்கிலியால். அதில் 100 கண்ணிகள். ஒரு கண்ணி, அதாவது ஒரு 'லிங்க்', 0.66 அடி. படத்தில் 60 என்று இருந்தால் அது 60 அடி அல்ல, 39.6 அடி. இப்போதைய படங்கள் மீட்டரில் இருக்கும். லிங்க்ஸை அடி என்று படித்துவிட்டு, 'பக்கத்து வீட்டுக்காரன் இருபதடி தின்னுட்டான்' என்று கம்பு எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு!

பிழை எங்கே நுழைகிறது?

அளவையில் பிழை புதிதல்ல. 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரும் நில அளவையைத் தொடங்கிய லாம்ப்டன், 1808-ல் தஞ்சாவூர்க் கோயில் கோபுரத்தில் தன் பெரிய தியோடலைட் கருவியை ஏற்றும்போது அது சுவரில் மோதிச் சேதமடைந்தது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அவரே அதைச் சரி செய்தார். அவருக்குக் கருவி கெட்டது கண்ணெதிரே தெரிந்தது. புலப்படத்தில் நடக்கும் பிழை அப்படிச் சத்தம் போடாது என்பதுதான் சிக்கல்.

முதல் வாசல், விற்பனைக்கும் உட்பிரிவுக்கும் நடுவே விழும் இடைவெளி. பத்திரம் பதிந்த கையோடு உட்பிரிவுப் பட்டா வாங்காமல், 'கூட்டுப் பட்டாதானே, இருக்கட்டும்' என்று விட்டுவிடுகிறோம். பத்துப் பதினைந்து வருடம் கழித்து யாரோ ஒருவர் மனு போடும்போது மொத்தப் புலமும் ஒரே மூச்சில் பிரிக்கப்படுகிறது. யார் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியவர் அன்று வெளியூரில் இருப்பார்.

இரண்டாவது, 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம். கிராமத்தில் 'யூ.டி.ஆர்.' என்றால்தான் புரியும். நிலப் பதிவேடுகளை மாநிலம் முழுவதும் புதுப்பித்த பெரிய வேலை அது. அவ்வளவு பெரிய வேலையில் பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, உட்பிரிவு விட்டுப்போனது என்று பிழைகளும் சேர்ந்தே வந்தன. ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேராகவும் ஏராகவும் மாறியபோது, ஏட்டிலிருந்து கணினிக்கு ஏறியபோது என்று மேலும் சில வாசல்கள். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். புள்ளி ஓர் இடம் தள்ளினால் போதும், தோட்டம் திண்ணையாகிவிடும்.

இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்...

நம் அப்பாவின் கதைக்குத் திரும்புவோம். அவர் முதலில் செய்ய வேண்டியது மனு எழுதுவது அல்ல. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது.

"தம்பி, உன் பட்டாவும் என் பட்டாவும் மாறிக் கிடக்கு. பத்திரத்துல நான் கிழக்கு, நீ மேற்கு. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மனு கொடுத்துடலாமா?"

"அதுக்கென்னண்ணே, போலாம்" என்று பதில் வந்துவிட்டால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இது எழுத்துப் பிழை. நிலத்தில் யாரும் யாரையும் ஓரங்குலம் நகர்த்தவில்லை. ஏட்டில்தான் மாற்றம். இருவரும் கையெழுத்திட்ட மனுவோடு இரண்டு கிரயப் பத்திரங்கள், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, இப்போதைய பட்டாக்கள், புலப்பட நகல், அனுபவத்தைக் காட்டும் வீட்டு வரி ரசீதும் மின் கட்டண ரசீதும் இணைத்துத் தாசில்தாரிடம் கொடுக்கலாம். வி.ஏ.ஓ.விடமும் சர்வேயரிடமும் அறிக்கை கேட்பார்கள். சர்வேயர் நேரில் வந்து அளப்பார். அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு போக வேண்டும். அப்படிப் போகாமல் நடந்த அளவை, பின்னால் 'என்னைக் கேட்காம அளந்துட்டாங்க' என்ற ஒரே வரியில் கவிழ்ந்துவிடும்.

அளக்கும் நாளில் வீட்டில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அப்புறம்தான். பழைய சர்வே கல் எங்கே புதைந்திருக்கிறது என்று காட்டுவதற்குக் கூடவே ஒரு பெரியவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். கல் கிடைத்தால் வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

எல்லாப் பிழையும் தாசில்தாரோடு முடிவதில்லை. யூ.டி.ஆர். காலத்துப் பிழை, பரப்பு வித்தியாசம், புலப்படத்தின் அளவுக் கோடே தவறு என்றால், பிழையின் தன்மையைப் பொறுத்து ஆர்.டி.ஓ., மாவட்ட வருவாய் அலுவலர், நில அளவைத் துறை உதவி இயக்குநர் வரை கோப்பு போகும். யூ.டி.ஆர். பிழையைக் காட்ட அதற்கு முந்தைய பதிவேடுகள் வேண்டும். பழைய அ-பதிவேடு, பழைய புலப்படம், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பட்டியல். கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளிலும், வருடத்துக்கொரு முறை தாலுகாவில் நடக்கும் ஜமாபந்தியிலும் மனு கொடுக்கலாம். கொடுத்த மனுவுக்கு ஒப்புகை எண் வாங்காமல் வராதீர்கள்.

தாசில்தாரின் பட்டா ஆணை திருப்தியில்லை என்றால் ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. 1983-ம் ஆண்டின் பட்டா பாஸ்புத்தகச் சட்டம் இந்தப் படிகளைத் தருகிறது.

'பட்டா என் பேர்லதானே இருக்கு?'

இனி கதையின் இன்னொரு பாதி. தம்பி காலமாகிவிட்டார். சாலையை அகலப்படுத்தி, சாலை ஓர இடத்தின் விலை மூன்று மடங்காகிவிட்டது. அப்பா கதவைத் தட்டும்போது திறப்பது தம்பியின் மகன். போனில் புலப்படத்தைத் திறந்து பார்க்கிறான். 3பி சாலை ஓரம். பட்டா அவன் அப்பா பெயரில்.

"பெரியப்பா, கவர்மென்ட் ரெக்கார்டுல எங்க இடம்னுதானே இருக்கு. நீங்கதான் மாறி வீடு கட்டிட்டீங்க போல."

பிழை அதே பிழைதான். ஆனால் இந்த ஒரு பேச்சில் அது 'திருத்தம்' என்ற பெட்டியிலிருந்து 'தாவா' என்ற பெட்டிக்கு மாறிவிடுகிறது. இரண்டு பேரும் உரிமை கோரும்போது, யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்வது வருவாய்த் துறையின் வேலை அல்ல. அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. தாசில்தார் அலுவலகத்தில் ஆறு மாதம் அலைந்த பிறகு, 'நீதிமன்றத்தை அணுகவும்' என்று ஒரு வரி ஆணை வரும்போது பலருக்கும் கோபம் வருகிறது. அலைக்கழித்தது தவறுதான். ஆணை தவறில்லை.

நீதிமன்றத்தில் அப்பாவின் பக்கம் பலமாக இருக்கும். பட்டா உரிமை ஆவணம் அல்ல, வருவாய்ப் பதிவு மட்டுமே என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பரப்பளவுக்கும் நான்கெல்லைக்கும் முரண் வந்தால் பொதுவாக நான்கெல்லைதான் நிற்கும் என்பதும் நிலைபெற்ற கொள்கை. அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர், 'இதற்கு மேற்கு, இதற்குக் கிழக்கு' என்று மூச்சு விடாமல் எழுதிய அந்தச் செக்குபந்தி வரிகள் வீண் அலங்காரம் இல்லை. பத்திரமும் முப்பது வருட அனுபவமும் அப்பாவிடம் இருக்கின்றன. ஆனாலும் வழக்கு வழக்குதான். வருடங்கள் போகும். மாடி கட்டும் கனவு அதுவரை கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொரு கெடுவும் உண்டு. 1923-ம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைச் சட்டப்படி அரசு ஓர் அளவை நடத்தி முடித்து அறிவிப்பு வெளியிட்டால், அந்த எல்லையை எதிர்த்து வழக்குப் போட மூன்று வருடம்தான். சர்வே நோட்டீஸ் வீட்டுக்கு வந்தால் அதை மளிகைச் சீட்டோடு மடித்து வைக்கக் கூடாது என்பது இதற்காகத்தான்.

பிழை புலப்படத்தில் இல்லாமல் பத்திரத்திலேயே இருந்தால் வழி வேறு. புல எண்ணோ திசையோ தவறாக எழுதியிருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும். விற்றவரும் வாங்கியவரும் வந்து கையெழுத்திட வேண்டும். விற்றவர் இல்லையென்றால் அவருடைய வாரிசுகள் வர வேண்டும். அவர்கள் மறுத்தால் 1963-ம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம், 26-வது பிரிவின் கீழ் நீதிமன்றம் பத்திரத்தைத் திருத்தலாம். 'திருத்தம்' என்ற பெயரில் வேறொரு சொத்தையே எழுதிக்கொள்ள முயன்றால் பதிவுத் துறை அதைப் புதுக் கிரயமாகத்தான் பார்க்கும்.

எந்த வழியில் ஆணை வாங்கினாலும், அன்றோடு வேலை முடிந்தது என்று இனிப்பு வாங்கிவிட வேண்டாம். பட்டாவில் மாறிய எண் புலப்படத்தில் மாறாமல் கிடப்பது சகஜம். ஒரு மாதம் கழித்துப் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் மறுபடி எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள்.

மனைப்பிரிவுகளில் வேறு கதை

ஊருக்கு வெளியே 'நகர்' என்று பெயர் வைத்து விற்கும் மனைகளுக்குப் புலப்படத்தோடு இன்னொரு வரைபடமும் உண்டு. நகர் ஊரமைப்புத் துறையோ, சென்னைப் பகுதியில் சி.எம்.டி.ஏ.வோ ஒப்புதல் தந்த மனைப்பிரிவு வரைபடம் அது. மனை எண்கள், சாலைகளின் அகலம், பூங்கா எல்லாம் அதில் இருக்கும். நிறுவனம் அச்சடித்துத் தரும் வண்ணத் துண்டுப் பிரசுரம் அந்த வரைபடம் அல்ல. ஒப்புதல் எண்ணும் தேதியும் முத்திரையும் உள்ளதுதான் வரைபடம்.

நடுவில் மனைப்பிரிவைத் திருத்தி மறு ஒப்புதல் வாங்குவது உண்டு. அப்போது 27-ம் எண் மனை 31 ஆகலாம். பழைய வரைபடத்தைக் காட்டி விற்று, புதிய வரைபடத்தில் அந்த இடத்தில் வேறு எண் இருந்தால் குழப்பம் ஆரம்பம். வாங்கும் முன், 'இதுக்கப்புறம் திருத்திய வரைபடம் ஏதாவது உண்டா?' என்று ஒப்புதல் தந்த அலுவலகத்திலோ உள்ளாட்சியிலோ கேட்பது நல்லது.

மனை போட்டவர் இஷ்டத்துக்கு வரைபடத்தை மாற்ற முடியாது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ன் கீழ் வரும் திட்டங்களில், மனை வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாகச் சம்மதித்தால்தான் ஒப்புதல் பெற்ற திட்டத்தில் மாற்றம் செய்யலாம். யாராவது ஒரு தாளை நீட்டி, 'சும்மா ஒரு கையெழுத்து' என்று கேட்டால், அது இந்தச் சம்மதமாகக்கூட இருக்கலாம். படித்துவிட்டுப் போடுங்கள்.

திருத்தமே செய்ய முடியாத இடம் ஒன்று உண்டென்றால் அது பூங்கா. தமிழ்நாட்டு விதிகளில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக 10 சதவிகித இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். சாலைகளும் அப்படித்தான். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியதை எதிர்த்துப் பகுதிவாசிகள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்பதை உறுதி செய்தது. ஆஸ்பத்திரியும் நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

ஆனால் ஊரில் நடப்பது என்ன? தானப் பத்திரம் பதிந்திருப்பார்கள். பட்டாவை உள்ளாட்சியின் பெயருக்கு மாற்ற மறந்திருப்பார்கள். இருபது வருடம் கழித்து, மனை போட்டவரின் வாரிசு பட்டாவை எடுத்துப் பார்த்தால் தாத்தா பெயர் அப்படியே இருக்கும். பூங்கா, புதிதாக நான்கு மனைகளாக விலைக்கு வரும். வாங்குபவரும் பட்டாவைப் பார்த்துத்தான் வாங்குவார். பிறகு ஒரு பக்கம் பிள்ளைகள் விளையாடிய இடத்தை இழந்த தெரு, இன்னொரு பக்கம் நகையை விற்று மனை வாங்கிய குடும்பம், நடுவில் நீதிமன்றம்.

உங்கள் தெரு முனையில் பூங்காவோ காலியிடமோ இருந்தால், மனைப்பிரிவு வரைபடத்தில் அதன் புல எண்ணைப் பார்த்து, இணையத்தில் அந்த எண்ணின் பட்டாவைத் திறந்து பாருங்கள். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி என்று பெயர் வந்தால் நிம்மதி. தனிநபர் பெயர் வந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரத்தின் நகல் எடுத்து, ஒப்புதல் வரைபட நகலோடு உள்ளாட்சிக்கும் தாசில்தாருக்கும் குடியிருப்போர் சேர்ந்து ஒரு மனு கொடுங்கள். பட்டா மாறி வரும்வரை வருடத்துக்கு ஒருமுறை அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பதும் நல்லது.